கப்பலேறாத கொசுறு

முறுக்கு வியாபாரத்தில் எண்ணெய் காயும் முன்பே நமக்குக் கவலை கொதிக்க ஆரம்பித்துவிடும். அடுப்பை நம்பி வீட்டை நடத்துகிறவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் பால் வெட்டிய தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது ஆட்களைக் குறைத்தார்கள். தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோலசிலாங்கூர் டவுனுக்கு வந்தோம். யாராவது அழைத்த நாளில் அவர் லோரிக்கு மூட்டை ஏற்றப் போவார். அழைக்காத நாளில் என் அடுப்புதான். வீட்டில் முறுக்கு சுட்டு, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் விற்றுக்கொண்டிருந்தேன்.

குணம் கொண்டுவந்த சேதி

குணம் எங்கள் பழைய தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியின் மகன், யாழ்ப்பாணக் குடும்பம். கிள்ளானில், கப்பலில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை. ஒருநாள் கடைக்கு வந்தவர் இரண்டு முறுக்கைக் கடித்துவிட்டு, "அக்கா, லண்டன்ல ஒரு தமிழ்க் கடைக்காரர் நம்ம ஊர்ப் பலகாரம் கேக்கிறார். முதல்ல கொஞ்சம் அனுப்புவம். பிடிச்சுப்போனா மாசா மாசம் எடுப்பார்" என்றார்.

மாசா மாசம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. இது கைகூடினால் வீட்டுக்காரர் முதுகு வளைய மூட்டை தூக்க வேண்டாம். தவறிவிட்டால்? கப்பலில் முறுக்கு நமுத்துப் போகுமா, எலி கடிக்குமா, புயல் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். குணம் கை துடைத்துக்கொண்டு சொன்னார்: "கப்பல் முழுகினா முறுக்குக்கா அக்கா அழுவாங்க? நீங்க மாவை அரைங்க."

மாடு எங்கே?

ஆனால் லைசென்சு உள்ள அடுப்படியில் செய்த சரக்குதான் கப்பலேற முடியும் என்றார். பழைய டவுன் போர்டு இருந்த காலத்தில் என் அடுப்பை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது மாவட்ட மன்றம் வந்துவிட்டது. அதை மலாயில் மஜ்லிஸ், மஜ்லிஸ் என்று ஊரே பேசியது. தகரக் கொட்டகைகளை எடுத்துவிட்டுக் கல் கடை கட்டப் போகிறார்களாம். சுத்தம் போதாது என்று சொல்லிவிட்டால் கடையும் இல்லை, லண்டனும் இல்லை.

அதிகாரி வருகிற நாள் விடிவதற்குள் எல்லாப் பாத்திரத்தையும் புளி போட்டுத் தேய்த்தேன். மனம் ஆறவில்லை. நம் வீட்டில் சுத்தம் என்றால் என்ன? பக்கத்துக் கம்பத்துக் கிராமத்தில் மாடு வளர்க்கிற ஒருவரிடம் கேட்டு வாளி நிறையச் சாணி வாங்கி வந்து, வாசலிலும் அடுப்படிப் பின்கட்டிலும் கரைத்துத் தெளித்துக் கோலமும் போட்டேன். வந்த அதிகாரி மலாய்க்காரப் பிள்ளை, சின்ன வயது. உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுருக்கினார். அடுப்பைப் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் பார்த்தார், கொல்லைப்புறம் போய்ச் சுற்றிவிட்டு வந்தார். கடைசியில் மலாயில் கேட்டார்: "எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு அக்கா, அந்த மாட்டை மட்டும் எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

உடைஞ்சது யாருக்கு?

சாணி எதற்குத் தெளித்தேன் என்று விளக்கிச் சொல்லி, தண்ணீர் ஊற்றிக் கழுவிக் காட்டிய பிறகு லைசென்சு கிடைத்தது. அப்புறம் லண்டன் பைத்தியம் பிடித்துவிட்டது. சுற்று கெடாமல், நிறம் மாறாமல் வந்ததெல்லாம் லண்டனுக்கென்று ஒதுக்கிய டின்னுக்குப் போனது. கோணலும் நொறுங்கலும் கடைக்கு வந்தன. தஞ்சோங் காராங் பஸ் கண்டக்டர் தினமும் ஒரு பொட்டலம் வாங்குவார். பிரித்துப் பார்த்துவிட்டு, பஸ் நிறைய ஆள் இருக்கும்போதே கத்தினார்: "யக்கா, லண்டன்காரனுக்கு இருக்கிறது வாய், எங்களுக்கு இருக்கிறது என்ன சந்து பொந்தா?"

கூடிப்போன எடை

பை கட்ட மாரியாயி வந்தாள். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரி, என்னைவிட மூத்தவள். குணம் எடை அச்சடித்த பிளாஸ்டிக் பைகளைக் கொடுத்திருந்தார். நான் தராசில் நிறுத்துப் போடுவேன், அவள் மெழுகுவத்தி நெருப்பில் பையின் வாயை ஒட்டுவாள். ஒரு முள் கூடக் குறையாமல் நிறுத்தேன். குறைந்தால் மானம் போய்விடுமே.

சரக்கு போன மறுநாள் குணம் முகம் வெளுத்து வந்து நின்றார். துறைமுகத்தில் பெட்டிகளை நிறுத்தி வைத்துவிட்டார்களாம். காகிதத்தில் ஒரு எடை, பெட்டியில் ஒரு எடை. நானும் மாரியாயியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நிறுத்துப் போட்ட பிறகு ஒவ்வொரு பையிலும் கொசுறாக ஒரு முறுக்கு நான் வைத்திருந்தேன். யோசித்து வைக்கவில்லை. நிறுத்தால் கை தானாகக் கொசுறு எடுக்கும், அவ்வளவுதான். குணம் தலையில் கை வைத்துக்கொண்டார்: "குறைஞ்சா ஏமாத்துன்னு விட்டுடுவாங்க அக்கா, கூடினா உள்ள என்ன கடத்துறேன்னு கேக்கிறாங்க!"

கிடங்கில்

கப்பல் புறப்படுவதற்குள் சரிசெய்தாக வேண்டும். கிள்ளான் கிடங்கில் சாக்கு விரித்து உட்கார்ந்து ஒவ்வொரு பையாக வெட்டினோம். மாரியாயி, "கொடுத்த கொசுறப் புடுங்கினா அடுப்பு வெளங்காதுடி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் அதே பயம்தான். ஆனால் மாசா மாசம் என்ற வார்த்தை அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. நானே எடுத்தேன், அவள் திரும்பாமலே பையை ஒட்டினாள்.

எடுத்ததைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று மட்டும் அவள் பிடிவாதம் பிடித்தாள். கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தோம். அவர்களில் ஒருவர் வாய் நிறைய மென்றுகொண்டே சொன்னார்: "தாயீ, வாரா வாரம் இதே மாதிரி தப்பு பண்ணுங்க லா."

லண்டனில் இருந்து

பிறகு நாட்கள் ஊர்ந்தன. தகரக் கொட்டகையை எடுத்துவிட்டார்கள். புதிய கல் கடையில் உட்கார்ந்து, குணம் வருகிற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொசுறு புடுங்கிய கை விளங்குமா?

ஒருநாள் வந்தார். முறுக்கு நமுக்கவில்லை, கடைக்காரர் மாதா மாதம் எடுக்கிறாராம். நான் அழுதுவிட்டேன். "ஆனா ஒரு குறை வந்திருக்கு" என்றார் குணம். அழுகை அப்படியே நின்றது. நமக்குப் பக்கத்து ஊரான சபாக்கிலிருந்து மகளோடு போய் அங்கே குடியேறிய அம்மாள் ஒருத்தி ஒரு பை வாங்கினாளாம். நம் ஊர் முறுக்கு என்று கடைக்காரர் சொன்னதும், பையைப் பிரித்துக் கொட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாளாம்: "கோலசிலாங்கூர்க்காரி கட்டினதுன்னா கொசுறு எங்கய்யா?"

வைத்தால் துறைமுகத்தில் பிடிக்கிறார்கள், வைக்காவிட்டால் லண்டனில் கேட்கிறார்கள். நடுவில் இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் எப்படி நிம்மதியாக முறுக்குப் பிழிவேன், நீங்களே சொல்லுங்கள்.