தலைக்கு ஒரு முழம்

தருமபுரி பேருந்து நிலையத்துக்கு வெளியே பூ விற்கும் அந்தப் பெண்ணை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. ஒரு காலத்தில் அவளிடம் மட்டும்தான் பூ வாங்கினேன். கடத்தூரிலிருந்து வேலைக்கு வரும் நான் பஸ்ஸைவிட்டு இறங்குவதைப் பார்த்ததுமே குண்டுமல்லியை அளக்க ஆரம்பித்துவிடுவாள்.

கணவர் இறந்து, நீண்ட விடுப்புக்குப் பிறகு மறுபடி வேலைக்கு வந்த முதல் நாள். வழக்கம்போல் அவள் முன்னால் போய் நின்றேன். அவள் என் வெறும் நெற்றியைப் பார்த்தாள்.

"சாமிக்குங்களாக்கா?"

"தலைக்குத்தான்."

கையிலெடுத்த சரத்தை அப்படியே கூடையில் போட்டாள். "வேண்டாங்கக்கா. காலையில மொத வியாபாரம். உங்களுக்குக் குடுத்தா எனக்கு ஆவாது."

பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குக் காது சுட்டது.

"இத்தன வருசமா ஆச்சு, இப்ப ஆவாதா?" என்று கத்தினேன்.

"உங்க வூட்டுல யாரும் சொல்லித் தரலீங்களா?" என்று அவளும் கத்தினாள்.

கூடையைக் காலால் எத்திவிடலாமா என்றிருந்தது. உள்ளே இருந்த பூவைப் பார்த்து மனம் வரவில்லை.

எதிர்ச்சாரியில் ஒரு முஸ்லிம் பாய் பூக்கடை வைத்திருந்தார். நேராக அங்கே போனேன்.

"எத்தன மொழங்க?" என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யாருக்கு, எதற்கு என்று கேட்கவும் இல்லை. ஒரு முழம் மல்லியும் கொஞ்சம் கனகாம்பரமும் வாங்கி, அங்கே நின்றிருந்த யாருடைய ஸ்கூட்டர் கண்ணாடியிலோ பார்த்து வைத்துக்கொண்டேன். ஈரம் பின்கழுத்தில் பட்டது. அந்த வாசனையில், பல மாதங்களாக இறுகிக் கிடந்த உடம்பு கொஞ்சம் இளகியது. அழுகை வரும் என்று நினைத்தேன், சிரிப்புதான் வந்தது.

"பாய், ஆளப் பாத்துக் குடுங்க!" என்று எதிரிலிருந்து அவள் குரல் கொடுத்தாள்.

தன் வியாபாரத்தைக் கெடுக்கப் பார்க்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார் போல. "எங்கிட்ட வந்த ஆளத் தொரத்தறியா? உன் கடையப் பாரும்மா!" என்று எழுந்தே நின்றுவிட்டார். அவர்களைச் சண்டையில் விட்டுவிட்டு நான் அலுவலகத்துக்கு நடந்தேன்.

அந்த வாரமே செய்தி நாத்தனாருக்குப் போய்விட்டது. போனில் வந்தார்.

"எங்கண்ணன் போயி வருசம் திரும்பல. உனக்குப் பூ கேக்குதா?"

"கேக்குதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் பேசுவதில்லை.

பாய் கடைச் சரம் கொஞ்சம் தளர்வு. மதியத்துக்குள் மேசையில் நாலு பூ உதிர்ந்துவிடும். ஆனாலும் அங்கேதான் வாங்குகிறேன். எதிரே அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். திருப்பட்டும்.