வெர்னா எழுந்து போன கேள்வி

வெர்னா முப்பத்தொரு வருஷம் எங்கள் மலைப்பள்ளத்தாக்கில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள். பின்சீட்டில் எவனாவது வாலாட்டினால், பாதி மலையில் இறக்கிவிட்டு நடக்க வைப்பாள். அவள் வாய்க்குப் பயந்து, ஊர் போலீசுக்கெல்லாம் தலைவரான ஷெரீஃபே ஒதுங்கிப் போவார்.

அந்த வாய்தான் வினையாக வந்தது. ஆறு வருஷத்துக்கு முன் டாக்டர் பிரிச்செட் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்தபோது, தாளைப் பார்த்து வெர்னாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். புகை பிடிப்பீர்களா, வண்டியில் பெல்ட் போடுவீர்களா, வீட்டில் துப்பாக்கி உண்டா. வெர்னா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள்.

"எங்க வீட்டுக் கதவுக்குப் பின்னால என்ன சாத்தியிருந்தா உனக்கென்னய்யா? நாடியப் பிடிச்சமா, மாத்திரை குடுத்தமான்னு இரு."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இதைச் சொல்லிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். பாதிப் பேர் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதையே நிறுத்தினார்கள். டாக்டர் அந்தத் துப்பாக்கிக் கேள்வியைப் பேனாவால் அடித்துவிட்டார், ஊருக்கே சேர்த்து.

இரண்டு வருஷம் கழித்து அவள் புருஷன் கிளெட்டஸ், தூக்கமே வரவில்லை என்று அதே டாக்டரிடம் போனான். உப்பைக் குறைக்கச் சொன்னார். வீட்டில் கால் தடுக்கும் விரிப்பு இருக்கிறதா என்றுகூடக் கேட்டார். மூன்றாம் நாள் கிளெட்டஸ் மான் வேட்டைத் துப்பாக்கியோடு கொட்டகைக்குள் போனான். திரும்பி வரவில்லை.

வெர்னா அழவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. டாக்டர் மேல், சிரித்த ஊர் மேல், எல்லாவற்றையும்விடத் தன் நாக்கின் மேல்.

இந்த இலையுதிர் காலத்தில் அவள் தம்பி ஆர்வில், தன் மூன்று வேட்டைநாய்களையும் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுத்துவிட்டான். அவன் வேலை பார்த்த சுரங்கம் மூடி ஒரு வருஷமாகிறது, பெண்டாட்டியும் விட்டுப் போய்விட்டாள். எங்கள் பக்கம் ஒருவன் பசித்துக் கிடந்தாலும் நாயைக் கொடுக்கமாட்டான். திரும்பி வரும் எண்ணம் இல்லாதவன்தான் கொடுப்பான் என்று வெர்னாவுக்குத் தெரியும். சர்க்கரை பார்க்கணும் என்று சொல்லி அவனை வண்டியில் ஏற்றினாள்.

டாக்டர் அவன் காலைப் பார்த்தார், சர்க்கரையைப் பார்த்தார், தாளை மடித்தார்.

"இன்னொண்ணு கேக்கல நீங்க," என்றாள் வெர்னா.

"வெர்னாம்மா, அத நான் இப்பல்லாம் கேக்கறதில்ல. நீங்கதானே..."

"நான்தான். என் வாயில மண்ணப் போடுங்க. இப்ப கேளுங்க."

"எழுந்து போயிட்டார்னா அப்புறம் சர்க்கரைக்குக்கூட வரமாட்டாரும்மா."

"செத்தவனுக்கு எதுக்குய்யா சர்க்கரை?"

ஆர்வில் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். "அக்கா, டாக்டர் முன்னால என் மானத்த வாங்காத. நான் ஒண்ணும் அத்தான மாதிரி கோழை இல்ல."

"உக்காருடா. அவரு கோழை இல்ல. துப்பாக்கி கைக்கெட்டற தூரத்துல இருந்துச்சு, அவ்வளவுதான்." கதவை முதுகால் அடைத்துக்கொண்டு நின்றாள். எழுபது வயதிலும் நல்ல அகலமான முதுகு.

டாக்டர் அவனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வீட்ல துப்பாக்கி இருக்கா, ஆர்வில்?"

ஆர்வில் தொப்பியின் விளிம்பைத் திருகினான். "நாலு."

"உயிர விட்டுடலாம்னு தோணியிருக்கா?"

"நேத்து ஒண்ண எடுத்துத் துடைச்சேன். வேட்டைக்கு இல்ல."

வெர்னா கதவை விட்டு வந்து அவன் தொப்பியை வாங்கி வைத்தாள்.

டாக்டர் அவசரப்படாமல் பேசினார். நாலும் கொஞ்ச நாளைக்கு வேறிடத்தில் இருக்கட்டும், நகரத்தில் ஒரு மனநல டாக்டரை நாளைக்கே பார்க்க ஏற்பாடு செய்கிறேன் என்றார்.

"ஷெரீஃப்கிட்ட குடுக்கமாட்டேன்," என்றான் ஆர்வில். "அக்கா வெச்சுக்கட்டும். மான் வேட்டை சீசன் வரைக்கும்."

"சீசன் எப்பன்னு நான் சொல்லுவேன்," என்றாள் வெர்னா. பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். "அடுத்து வர்றவன்கிட்டயும் கேளுங்க. கோவிச்சுக்கிட்டு எழுந்து போறவன் பேர என்கிட்ட சொல்லுங்க."

அன்று சாயங்காலமே ஆர்வில் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அவள் வண்டியில் வைத்தான். நாலாவதை மட்டும் அவன் கை விடவில்லை. வெர்னா திட்டிக்கொண்டே இழுத்தாள், அவன் விடும்வரை இழுத்தாள்.