பின்னால் நின்ற பத்திரிகை

ஊர்த் திருவிழா அழைப்பை வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் ஒரே மூச்சில் மின்னஞ்சலில் அனுப்ப ஒரு சின்ன கணினி நிரல் எழுதியிருந்தேன். அது பாதியில் நின்றது. புதுக்கோட்டையில் எங்கள் ஊர் இணையதளம் இருக்கும் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியிடம் சண்டைக்கே போனேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதே சர்வரில் இருக்கும் மற்றவர்களின் இணையதளங்கள் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோடு பேசினாலும் கை அதைத்தான் செய்யும்.

“நான்தாங்க நிறுத்துனேன். இதே சர்வர்ல ஒரு ரத்த வங்கி இருக்கு. ஒங்க மெயில் போன வேகத்துல அவங்க பக்கம் தெறக்கவே இல்ல. இனிமே கொஞ்சங்கொஞ்சமாத்தான் போகும்.”

“கொடியேத்தத்துக்குள்ள போயிருமா?”

“போயிரும். எம் மகன் கல்யாணப் பத்திரிகை மெயிலே வரிசையில ஒங்களுதுக்குப் பின்னாடிதான் நிக்குது.”

திரையைத் திருப்பிக் காட்டினார். எங்கள் அழைப்புக்குப் பின்னால்தான் அது நின்றது. முன்னால் தள்ள அவருக்கு ஒரு நொடி போதும்.

கல்யாணம் எப்போது என்று கேட்டேன்.

“ஒங்க கொடியேத்தத்துக்கு முந்துன நாளு,” என்றபடி அடுத்த தளத்தைத் திறந்தார்.