மாயுமியின் முதல் ரசிகை

பெர்லித்தா துணி மடிக்கும்போது பாட்டு நின்றுவிடக் கூடாது. சலவைத்தூள் அடுக்கின் மேல் சாய்த்துவைத்த கைப்பேசியில் நடிகையும் பாடகியுமான மாயுமி அல்கராஸின் புதிய பாட்டுத் தொகுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். கடைசிப் பாட்டு முடிகிற நேரம் அவளுக்கு உடம்பிலேயே தெரியும். ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி முதல் பாட்டைத் தட்டிவிடுவாள். துணி போட வந்தவர்கள் அத்தை என்ற பொருளில் 'தித்தா' என்று கூப்பிட்டு, "சத்தத்தைக் கொறைங்க தித்தா, போன் பேசணும்" என்றால் குறைப்பாள், அணைக்க மாட்டாள். "நிறுத்தினா கணக்குல சேராதும்மா. எத்தனை பேரு கேக்கறாங்கன்னு அங்க ஓடிக்கிட்டே இருக்கு" என்பாள். அங்கே என்றால் எங்கே என்பது அவளுக்கும் சரியாகத் தெரியாது.

மரிக்கினா நகரில் பாலத்தை ஒட்டிய அந்தச் சலவைக் கடையில் எல்லாமே ஊதா. மாயுமி ரசிகர் கூட்டத்தின் நிறம் அது. பெர்லித்தாவின் சட்டை, செருப்பு, கொண்டை ஊசி, துணி எடை போடும் தராசின் கூடை, எல்லாம். கணவர் இசாகனியின் மூன்று சக்கர வண்டிக் கூரையிலும் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஊதாப் பட்டை ஏறியிருந்தது. "வண்டியா, இல்ல மாயுமி ஊர்வலம் போற பல்லக்கான்னு ஸ்டாண்டுல கேக்கறானுங்க" என்று அவர் முணுமுணுத்தார். பட்டையை மட்டும் உரிக்கவில்லை.

மாயுமியை அவள் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. "நம்ம பொண்ணு" என்பாள். நம்ம பொண்ணுக்குத் தொண்டை கட்டியிருக்கு. நம்ம பொண்ணுக்கு இன்னிக்கு செபு தீவுல ஷூட்டிங். கப்பலில் வேலை பார்க்கும் சொந்த மகன் ஒருமுறை வீடியோ அழைப்பில், "நான் இப்ப எந்தக் கடல்ல இருக்கேன், சொல்லும்மா பாப்போம்" என்று கேட்டான். பெர்லித்தா கொஞ்சம் திணறி, "தண்ணி இருக்கற எடத்துலதான் இருப்ப, வேற எங்க போவ" என்று சமாளித்தாள். மகன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அழைப்பு முடிந்த பிறகு இசாகனி மட்டும் சிரிக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்ற ஆண்டு வரை எல்லாம் சுலபமாக இருந்தது. மாயுமி காதல் படங்களில் நடித்தாள்; மழையில் ஓடினாள்; கடைசியில் விமான நிலையத்தில் கட்டிக்கொண்டாள். திடீரென்று அதையெல்லாம் விட்டுவிட்டு, வசனமே அதிகம் இல்லாத ஒரு உப்பளப் படத்தில் நடிக்கப் போனாள். பாட்டுத் தொகுப்பிலும் தாளம் கிடையாது. ஒற்றை கிட்டார், காதுக்குள் சொல்வதைப்போன்ற ஒரு குரல். பெர்லித்தாவுக்கு அது பிடித்ததா என்று அவள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டதில்லை. பிடிக்காமல் போவதற்கு அவளுக்கு உரிமை இருப்பதாக அவள் நினைக்கவில்லை.

படத்தின் முன்னோட்டம் வெளியான அன்று கைப்பேசி ரசிகர் குழுவில் ரெமி எழுதினாள்: "இதுக்கே கொட்டாவி வருது. படத்துக்குத் தலகாணி எடுத்துட்டு வரணும் போல." ரெமி சலவைக் கடைக்கு எதிர் முனையில் வாழைப்பழத்தை மாவுத்தாளில் சுருட்டிப் பொரித்து விற்பவள். தொலைக்காட்சி நிலைய வாசலில் மாயுமியின் கார் வருமென்று பெர்லித்தாவோடு ஒரே குடையில் நின்று நனைந்தவள். பெர்லித்தா யோசிக்கவே இல்லை. குழுவில் ஆள் சேர்ப்பது, நீக்குவது எல்லாம் பார்க்கும் ரோவெலை அழைத்து, "அவளைத் தூக்கிடு" என்றாள்.

கால் சென்டரில் வேலை செய்யும் அந்த இளைஞன், "தித்தா, ரெமி தித்தா சும்மா கிண்டலுக்கு..." என்று இழுத்தான்.

"நம்ம பொண்ணு மாசக்கணக்கா வெயில்ல காஞ்சிருக்கா. அதுல என்னடா கிண்டல்? விசுவாசம் இல்லாதவங்க வெளிய இருக்கட்டும்."

அன்று முதல் அவள் ரெமியிடம் பலகாரம் வாங்கவில்லை. எதிரே வந்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனாள்.

படம் வந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, பேரங்காடித் திரையரங்கின் ஒரு காட்சியை முழுக்க ரசிகர் கூட்டமே எடுத்திருந்தது. அதற்கு முந்தின நாள் முழுக்க அத்தனை பேரின் ஊதாச் சட்டைகளையும் பெர்லித்தாதான் தேய்த்தாள். விடியும் முன்பே எழுந்து ஊதா நிறப் புட்டு அவித்துப் பெட்டிகளில் அடுக்கினாள். அரங்கில் யார் எங்கே உட்காருவது, எந்த இடத்தில் கை தட்டுவது, எல்லாம் அவள் ஏற்பாடு. நடு வரிசை, நடு இருக்கை அவளுக்கு.

விளக்கு அணைந்தது. உப்பளம். வெயில். மாயுமி குனிந்து உப்பை வாருகிறாள். நிமிர்ந்து கடலைப் பார்க்கிறாள். மறுபடி வாருகிறாள். காற்றின் ஓசையைத் தவிர வேறொன்றும் இல்லை. குளிர்ந்த காற்று முழங்காலைத் தடவியது. 'எப்படிக் கறுத்துட்டா நம்ம பொண்ணு' என்று நினைத்தது பெர்லித்தாவுக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கடுத்து ஞாபகம் இருப்பது கைதட்டல்.

கண் விழித்தபோது அரங்கம் முழுக்க வெளிச்சம். திரைக்கு முன்னால் நிஜ மாயுமி நின்றிருந்தாள், வெள்ளைச் சட்டையில், திரையில் இருந்ததைவிடச் சின்னவளாக. பக்கத்தில் இயக்குநர். யாருக்கும் சொல்லாமல் வந்திருந்தார்கள். சுற்றிலும் ஆட்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். பெர்லித்தா வாயோரத்தைத் துடைப்பதற்குள் ரோவெல் மைக்கைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்துவிட்டான்.

"எங்க கூட்டத்துக்கே தலைவி இவங்கதான்" என்றான் பெருமையாக. "தித்தா, உங்களை ரொம்ப உலுக்கின இடம் எது, சொல்லுங்க."

எல்லாத் தலைகளும் திரும்பின. அவளுக்குத் தெரிந்தது முன்னோட்டம் மட்டும்தான். அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த... கடல்ல காலை நனைச்சுக்கிட்டு நீ சிரிப்பியே கண்ணு. அந்த இடத்துல எனக்கு நெஞ்சே அடைச்சுப்போச்சு."

யாரோ இருமினார்கள். ரோவெலின் புன்னகை அப்படியே நின்றது. இயக்குநர் மெல்லத் தலையைச் சொறிந்தபடி, "அது முன்னோட்டத்துல மட்டும்தாங்க. படத்துலேர்ந்து எடுத்துட்டோம்" என்றார்.

பெர்லித்தாவின் காதுகள் சுட்டன. மைக்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மாயுமிதான் முந்திக்கொண்டாள்.

"பாத்தீங்களா டைரக்டர்? நான் அன்னிக்கே சொன்னேன், அதை வெட்டாதீங்கன்னு. தித்தா மனசுக்குள்ளயே சேத்துப் பாத்துட்டாங்க."

அரங்கம் சிரித்துத் தணிந்தது. பெர்லித்தா தப்பித்துவிட்டதாகத்தான் நினைத்தாள். புகைப்படம் எடுத்துக்கொள்ள வரிசையாகப் போனபோது மாயுமி அவள் தோளில் கை போட்டு, காதருகே குனிந்தாள்.

"நான் உங்களுக்கு நேர் பின் வரிசையிலதான் உக்காந்திருந்தேன் தித்தா. இருட்டுனதுக்கு அப்புறம் வந்தேன்." குரலில் கோபமே இல்லை. "பரவால்ல. ரொம்ப களைச்சிருப்பீங்க. புட்டு நல்லா இருந்துச்சு."

ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் பெர்லித்தா அழுது, காலைப் பிடித்து, மன்னிப்புக் கேட்டுத் தீர்த்திருப்பாள். அந்தப் 'பரவால்ல'வை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ரோவெல் எடுத்த படத்தில் மாயுமி சிரிக்கிறாள்; பெர்லித்தா தரையைப் பார்க்கிறாள். "எவ்வளவு அடக்கம் பாருங்க" என்று குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததும் கைப்பேசியைக் கவிழ்த்துவைத்தாள்.

மறுநாள் கடையில் பாட்டு இல்லை. இயந்திரங்கள் சுழலும் சத்தம் மட்டும். துணி போட வந்த பெண், "என்ன தித்தா, உடம்பு சரியில்லையா?" என்றாள். அடுத்து வந்தவர், "போன் ரிப்பேரா?" என்றார். மாயுமியின் குரலைக் கேட்க அவளுக்குக் கூசியது. தன் குறட்டைக்குப் பின்னால் அந்தப் பெண் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்பு ஒவ்வொரு துணி மடிப்பிலும் வந்து போனது.

மத்தியானம் கடையை அப்படியே விட்டுவிட்டுச் சாலையைக் கடந்தாள். ரெமி எண்ணெயிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"யாருக்கு வேணும்? விசுவாசிங்களுக்குத் தனி வெலை."

"நான் தூங்கிட்டேன் ரெமி."

"எங்க?"

"படத்துல. முழுசா. அவ எனக்குப் பின்னாடியே உக்காந்திருந்தா."

ரெமியின் கையிலிருந்த கரண்டி நின்றது. அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று பெர்லித்தா எதிர்பார்த்தாள். சிரித்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. ரெமி சிரிக்கவில்லை.

"நான் சனிக்கிழமையே பாத்துட்டேன்" என்றாள். "நானே டிக்கெட் எடுத்துக்கிட்டுத் தனியாப் போனேன். முதல்ல எனக்கும் கண்ணு சொருகிச்சு, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் ஒரு எடம் வரும் பாரு..." நிறுத்திவிட்டு, புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "அவ ஒண்ணுமே பேச மாட்டா. நான் வீட்டுக்கு வந்து எம்மவளைக் கட்டிக்கிட்டு அழுதேன். அவ பயந்துட்டா."

"எந்த எடம்?"

"சொல்ல மாட்டேன்."

"ரெமி, சொல்லுடி."

"நான் சொன்னா நீ அதை மைக்ல சொல்லுவ. போய்ப் பாரு."

உன்னைக் குழுவில் மறுபடி சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் பெர்லித்தா வந்திருந்தாள். அதைச் சொல்ல இப்போது நாக்கு எழவில்லை. யார் யாரைச் சேர்ப்பது?

அடுத்த நாள் இசாகனியிடம் கடையை ஒப்படைத்தாள். அவருடைய பழைய சாம்பல் நிறச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டாள். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாவு வீடா?" என்று கேட்டார். "சினிமா" என்றாள். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் முதல் வரிசை கேட்டாள்.

"அங்க கழுத்து வலிக்கும் தித்தா. ஹாலே காலியாத்தான் கெடக்கு. நடுவுல நல்லா சாஞ்சு உக்காருங்களேன்."

"சாய வேண்டாம். முதல் வரிசையே குடு."

உள்ளே விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவளையும் பின்னால் எங்கோ ஒரு கிழவரையும் தவிர யாரும் இல்லை. இருக்கையின் விளிம்பில், முதுகு எதிலும் படாமல் உட்கார்ந்தாள். திரை அவ்வளவு கிட்டத்தில் அண்ணாந்து பார்க்கும்படி இருந்தது. விளக்கு அணைந்தது. காற்றின் ஓசை மட்டும் எழுந்தது. பெர்லித்தா பையிலிருந்து மூட்டுவலித் தைலத்தை எடுத்து மூடியைத் திறந்தாள். விரலில் தொட்டு, இரண்டு கண்களுக்கும் கீழே அழுத்தித் தடவிக்கொண்டு, எரிச்சலில் நீர் வழிய வழியத் திரையை நிமிர்ந்து பார்த்தாள்.