ஜக்கார்டு பெட்டிக்கு முட்டுக் கொடுத்த கதை

என் மைத்துனர் வீட்டுத் தறிக்கு மேலே இருந்த ஜக்கார்டு பெட்டி, இருக்கிற இடத்திலிருந்து ஒன்பது அடி கீழே இறங்கிவிடும் என்று நான் முழுமனதோடு நம்பினேன். பெட்டி இருந்ததோ தரையிலிருந்து ஏழடி உயரத்தில். மிச்சம் இரண்டடி எங்கே போகும் என்று புத்தியுள்ளவன் யோசித்திருப்பான். நானும் யோசித்தேன். தறிக்குழி இருக்கிறதே, அதற்குள் போகும் என்று எனக்கு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

எண்பதுகளின் கடைசி. ஆரணியில் காலை பஸ் ஏறி, வேலூர்ச் சாலையில் இருந்த ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அங்கே அப்போதுதான் இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியிருந்தன. ஒன்று படம் வரையும். மற்றது, வரைந்த பொருளின்மேல் பாரம் ஏற்றினால் எங்கே வளையும், எங்கே முறியும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். இரண்டும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு அறை. ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. அதனால் படத்தை இரண்டுக்கும் பொதுவான ஒரு கோப்பாக மாற்றி, பிளாப்பியில் ஏற்றி, வராந்தாவைத் தாண்டி எடுத்துப்போய், கணக்கு மெஷினுக்குள் இறக்க வேண்டும். அந்த பிளாப்பியைச் சுமக்கும் ஆள் நான். பெண் வீட்டுக்கும் பிள்ளை வீட்டுக்கும் நடுவே நடக்கிற கல்யாணத் தரகர் மாதிரி. தரகர் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியவில்லை.

கணக்கு அறைக்குள் போக வேண்டுமானால் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே ஏசி. வைகாசி வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்க, அந்த அறையின் அதிகாரி மட்டும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவர் சொன்னார்: "பெரிய படமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்யா. மொதல்ல சின்னதா ஏதாவது கொண்டா. நாலு கம்பி, நாலு மூலை. ஒழுங்கா வந்து சேருதான்னு பாக்கணும்."

நாலு கம்பி, நாலு மூலை என்றதும் எனக்கு மச்சான் வீட்டு ஸ்டாண்டு ஞாபகம் வந்தது.

என் மனைவியின் அண்ணன்தான் மச்சான். ஆரணியிலேயே பட்டு நெசவு. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வார். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. ஓட்டை போட்ட அட்டைகள் அதில் ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து, எந்த இழை எழ வேண்டும், எது படுத்திருக்க வேண்டும் என்று சொல்லச் சொல்ல, புடவையில் கரையும் பூவும் விழும். அதைத் தாங்கிக்கொண்டிருந்த மரச் சட்டத்தைச் செல் அரித்துவிட்டதால், சேத்துப்பட்டுச் சாலைப் பட்டறையில் இரும்பில் ஒரு ஸ்டாண்டு செய்து மாட்டியிருந்தார். முன்னால் இரண்டு கால். பின்னாலும் கால் வைத்தால் பாவு நூல் நீண்டுபோக இடமிருக்காது என்று, மேல்கம்பி இரண்டின் முனையையும் பின்சுவருக்குள் விட்டு சிமெண்டு பூசிவிட்டார்கள்.

அப்போது அந்தத் தறியில் ஓடிக்கொண்டிருந்தது சாதாரணப் புடவை இல்லை. ஊரார் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் முகூர்த்தப் புடவை நெய்த மச்சான், முதல் தடவையாகத் தன் சொந்தத் தங்கைக்கு நெய்துகொண்டிருந்தார். என் கொழுந்தியாள். வைகாசிக் கடைசியில் கல்யாணம். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. பாதிக்குமேல் நெய்தாகிவிட்டது. முந்தானை பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஸ்டாண்டை அளந்தேன்.

"இன்னா மாப்ள, அதுக்குச் சட்ட தெக்கப்போறீங்களா?" என்றார் மச்சான்.

"ஆபீஸ்ல ஒரு டெஸ்ட்டு மச்சான். கம்ப்யூட்டர்ல ஏத்துனா, தாங்குமா தாங்காதான்னு சொல்லிடும்."

"அதான் தாங்கிகினு கீதே."

"அது இப்போ," என்றேன். இப்படி ஒரு பதிலைச் சொல்லத்தான் டிப்ளமா படித்திருந்தேன்.

படம் வரைவதில் எங்கள் பிரிவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணாடித்தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தது போல ஒரே படத்துக்குள் பல அடுக்குகள் இருக்கும். இரும்பு நம்முடையது, அது முதல் அடுக்கு. சுவர், தரை, தூண் எல்லாம் கட்டடப் பிரிவுக்காரர்களுடையது. அதைத் தனி அடுக்கில் புள்ளிக்கோடாகப் போட்டு, பக்கத்தில் 'பிறர் வேலை' என்று எழுதிவிடுவோம். நாளைக்கு எதுவாவது இடிந்தால் யாரைக் கூப்பிட்டுத் திட்டுவது என்பது படத்திலேயே தெரிந்துவிடும். மச்சான் வீட்டை யார் வந்து கேட்கப்போகிறார்கள்? இருந்தாலும் பழக்கம் விடுமா? ஸ்டாண்டை முதல் அடுக்கில் வரைந்தேன். சுவரைப் பிறர் வேலையில் சேர்த்தேன். பிறகு, நம் வேலை பளிச்சென்று தெரியட்டும் என்று பிறர் வேலை அடுக்கைத் திரையில் தெரியாதபடி அணைத்து வைத்தேன். பொதுக்கோப்பாக்கினேன். செருப்பைக் கழற்றினேன். கணக்கு மெஷினுக்குள் இறக்கி, பெட்டியின் எடையையும் சொன்னேன்.

அகலமான காகிதம் சரசரவென்று வெளியே வந்தது. படமெல்லாம் கிடையாது, வெறும் எண்கள். பெட்டி உட்காரும் இடம் எவ்வளவு கீழே இறங்கும் என்ற வரியை விரலால் தேடிப் பிடித்தேன். மில்லிமீட்டரில் இருந்தது. அடியாக மாற்றிப் பார்த்தேன், பயப்படுவதற்கு அடிதான் வசதி. ஒன்பது வந்தது.

அதிகாரி காகிதத்தை வாங்கிப் பார்த்து, "ஃபைல் நல்லா வந்து சேந்திருக்குதுய்யா. ஒரு எர்ரர்கூட இல்ல," என்று சந்தோஷப்பட்டார்.

"சார், இதுக்குக் கீழ எங்க மச்சான் ஒக்காந்திருக்காரு சார்."

"அப்ப எழுந்திருக்கச் சொல்லு."

அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன். பஸ் கூரைமேல் ஏற்றியிருந்த அரிசி மூட்டைகளைப் பார்த்ததும், இந்தக் கம்பிகளுக்கு யார் கணக்குப் போட்டது என்று கண்டக்டரைக் கேட்டேன். "டிக்கெட்டு எடு சார் மொதல்ல," என்றார் அவர். வழியெல்லாம் எனக்குத் தெரிந்த உலகம் சரிந்துகொண்டே வந்தது. டீக்கடைப் பந்தல், தண்ணீர்த் தொட்டி, கட்சிக் கொடிக்கம்பம். எல்லாம் எதை நம்பி நிற்கின்றன என்று புரியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது மச்சான் மிதித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே பெட்டிக்குள் கொக்கிகள் டக் டக்கென்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"மச்சான், எழுந்திருங்க! வெளிய வாங்க, ஜல்தி!"

அவர் இரண்டு காலையும் குழியிலிருந்து மேலே தூக்கிக்கொண்டார். "இன்னா மாப்ள, பாம்பா?"

"மேல பாருங்க, மேல!"

"மேலயா பாம்பு?"

காகிதத்தை விரித்துக் காட்டினேன். மாமியார், கல்யாண வேலைக்கு வந்திருந்த என் மனைவி, கொழுந்தியாள் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஒன்பதடி என்றேன். மச்சான் அண்ணாந்து பெட்டியைப் பார்த்தார். என் மனைவிதான் மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, அந்த மெஷினு நம்ம வூட்டப் பாத்திருக்குதா?"

"அதுக்குப் பாக்க வேண்டியதில்ல. நம்பர் போதும்."

"அப்ப புடவ?" என்றாள் கொழுந்தியாள். "முந்தானி பாக்கி கீது மாமா. நான் இன்னாத்தக் கட்டிகினு மணையில ஒக்கார்றது? இந்தப் பேப்பரையா?"

"உங்க அண்ணன் தலையவிட உனுக்குப் புடவ பெருசா?"

மாமியார் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். அந்த வீட்டில் மாப்பிள்ளை பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. அதை நான் என் படிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே இரண்டு சவுக்குக் கட்டை வரவழைத்தேன். அடியைக் குழிக்குள் ஊன்றி, நுனியை மேல்கம்பிக்குக் கொடுத்து, ஆப்பு வைத்து இறுக்கினேன். கால் வைத்து அழுத்தும் மிதிகளுக்கு நடுவில் கட்டை நின்றதால் இனி மிதிக்க முடியாது. தறி நின்றது. கட்டையின் அடியில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். நகர்ந்தால் தெரிய வேண்டுமல்லவா?

"மாத்து ஸ்டாண்டு ஆபீஸ்லயே டிசைன் பண்ணிக் கொண்டாறேன் மச்சான். அதுவரிக்கும் யாரும் கைவைக்கக் கூடாது."

"எவ்ளோ நாளு ஆவும்?"

"கம்ப்யூட்டர்தானே, சீக்கிரம் ஆயிடும்."

"செரி மாப்ள," என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பாவம், அதிர்ச்சியில் இருக்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் மாலை பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அங்கேதான் போனேன். குனிந்து கோட்டைப் பார்த்தேன். கட்டை இரண்டு விரல் தள்ளி நின்றுகொண்டிருந்தது.

"பாத்தீங்களா மச்சான்? எறங்குது!"

"ஆமா மாப்ள," என்றார் மச்சான். கொழுந்தியாள் சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். அழுகிறாள் போலிருக்கிறது என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

கட்டையை மறுபடி கோட்டில் நிறுத்தி, ஆப்பை இறுக்கிவிட்டு வந்தேன். அதற்கு மறுநாளும் தள்ளித்தான் நின்றது, இந்தத் தடவை வேறு பக்கம். பாரம் திசை மாறுகிறது என்று அளவெடுத்து எழுதிக்கொண்டு போய் அதிகாரியிடம் காட்டினேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை. "கணக்கு சொன்னது, நேர்ல நடக்குது! இதுக்கு மேல ஒரு மெஷினுக்கு என்னய்யா வேணும்? படத்தோட ஒரு ரிப்போர்ட்டு ரெடி பண்ணு, மேல அனுப்பிடலாம்," என்றார். பெட்டி மச்சான் தலையில் விழுந்துவிட்டால் ரிப்போர்ட்டு இன்னும் நன்றாக இருக்கும் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் முகத்தில் அந்த ஆசை லேசாக ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் கட்டைக்குப் பக்கத்திலேயே பாய் போட்டு உட்கார்ந்தேன். அந்த வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. மச்சான் வருவதும் போவதுமாக இருந்தார்.

"மாப்ள, பெரணமல்லூர் சொந்தக்காரங்களுக்குப் பத்திரிக வெக்கணும். ஒருநட போய்ட்டு வந்துட்றீங்களா?"

"நான் போயிட்டா இத யாரு பாத்துக்கறது?"

"நாங்க பாத்துக்கறோம் மாப்ள," என்று மச்சான், மாமியார், கொழுந்தியாள் மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். "சாப்ட்டுட்டே வாங்க," என்று மாமியார் சேர்த்துக்கொண்டார். குடும்பம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நெகிழ்ந்துபோய் பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை ரிப்போர்ட்டுக்காக ஸ்டாண்டு படத்தைத் திறந்தேன். பார்ப்பதற்கு வீடு மாதிரி இருக்கட்டும் என்று அணைத்து வைத்திருந்த அடுக்கை எரியவிட்டேன். திரையில் புள்ளிக்கோட்டில் ஒரு சுவர் வந்தது. மேல்கம்பி இரண்டும் அந்தச் சுவருக்குள் போயிருந்தன. பக்கத்திலேயே, என் கையாலேயே, 'பிறர் வேலை'.

அணைத்து வைத்த அடுக்கு பொதுக்கோப்பில் ஏறாது. அதாவது, சுவர் வராந்தாவைத் தாண்டவே இல்லை. கணக்கு மெஷினுக்குப் போய்ச் சேர்ந்தது, முன்னால் இரண்டு காலும், பின்னால் எந்தப் பிடிமானமும் இல்லாமல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கம்பியும்தான். அதன் தலையில் ஒரு பெட்டியை வைத்து, என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறேன். இறங்குகிற பெட்டி தரையில் முட்டி நின்றுவிடும் என்பதையும் அதற்கு யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு ஒன்பதடி இறங்கிப் போயிருக்கிறது.

கம்பி முனையைச் சுவரில் கட்டியதாகச் சொல்லி மறுபடி கணக்குப் போடவிட்டேன். இப்போது வந்த இறக்கம், ஒரு பட்டு இழையின் பருமன்கூட இல்லை.

அதிகாரியிடம் சொன்னேன். அவர் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார். "சுவர் நம்ம டிபார்ட்மென்ட் இல்லியே?"

"இல்ல சார்."

"அப்ப நம்ம கணக்கு சரிதான்யா. சுவர் இல்லேன்னா எறங்கும். அது இருக்கட்டும், கட்ட நகர்ந்துகிட்டே இருக்குன்னியே, அது என்ன?"

பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. முகூர்த்தம் நெருங்கிவிட்டது. தறி நின்று எத்தனையோ நாள். முந்தானை இல்லாத புடவையைக் கட்டிக்கொண்டு மணையில் உட்காரும் பெண்ணையும், பந்தலில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பதையும் நினைத்தேன். மத்தியானமே கிளம்பி, வேலூரில் ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்து மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டுப்புடவை கேட்டேன். கடைக்காரர் விரித்துப் போட்டு, "அசல் ஆரணி சார். எந்த ஊர்லேருந்து வர்றீங்க?" என்றார். சேத்துப்பட்டு என்று சொல்லிவிட்டேன்.

பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மச்சான் தெருவில் திரும்பியபோது சத்தம் கேட்டது. டக், டக். வேறு வீட்டுத் தறி என்று நினைத்தேன். கிட்டே போனேன். என் சவுக்குக் கட்டை இரண்டும் வாசல் சுவரில் சாய்ந்திருந்தன. அவற்றுக்குக் குறுக்கே கயிறு கட்டி, மாமியார் பாவாடை காயப்போட்டிருந்தார்.

கதவைத் தள்ளினேன். மச்சான் குழியில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜரிகை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த கொழுந்தியாள் என்னைப் பார்த்து, "அண்ணா! மாமா சீக்கிரமே வந்துட்டாரு!" என்று கத்தினாள். மச்சான் பழக்கதோஷத்தில் எழுந்து கட்டையை எடுக்க வாசலுக்கு ஓடினார்.

நடந்தது இவ்வளவுதான். காலையில் நான் பஸ் ஏறியதும் கட்டைகளைப் பிடுங்கி வெளியே வைத்துவிட்டு நெய்திருக்கிறார்கள். மாலை பஸ் வருவதற்குள் திரும்ப நட்டிருக்கிறார்கள். அவசரத்தில் நட்டதால் கோட்டைவிட்டுத் தள்ளி நின்றிருக்கிறது. முந்தானை மறுநாள் முடிந்தது. கொழுந்தியாள் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்தாள். வேலூரில் வாங்கியதை என் மனைவி கட்டிக்கொண்டாள்.