மூச்சு இருபது

"பெண், வயது 36. அமைதியானவர், சொன்னபடி கேட்பவர். மூச்சு நிமிடத்துக்கு 20."

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறுவருடம், மலாக்கா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் கட்டில் காலில் தொங்கிய அட்டை இப்படிச் சொன்னது. பெண் என்பதும் வயதும் சரி.

கட்டிலில் கிடந்தவர் நகரத்தின் காஜா பெராங் பகுதியைச் சேர்ந்த சிவகாமசுந்தரி, அதே வார்டில் பதினோரு ஆண்டு நர்ஸ். அமைதிக்கும் அவருக்கும் பழக்கமே கிடையாது. நிமோனியாவில் படுத்துக்கொண்டே தலையணை உறையின் மடிப்பைக் குறை சொன்னவர். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. தேறிவருகிறார் என்றது அட்டை, நெஞ்சு ஒப்புக்கொள்ளவில்லை.

"பாக்கியம், என் மூச்சை எப்ப எண்ணுன?"

இளைய நர்ஸ் பாக்கியலட்சுமி விழித்தாள். "நீங்கதானே சிஸ்டர் சொல்லிக் கொடுத்தீங்க? உட்கார்ந்து பேசுற ஆளுக்கு இருபது போட்டுட்டுப் போ, டாக்டர் வந்துருவாருன்னு."

உண்மைதான். அந்த வார்டில் பதினோரு ஆண்டாக எல்லாரும் இருபது தடவைதான் மூச்சுவிட்டார்கள். சிலர் இறப்பதற்கு முந்திய மாலையிலும்கூட.

"இப்ப எண்ணட்டுமா?"

"எண்ணுறது தெரிஞ்சா மூச்சு மாறிடும்டி."

நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நோயாளி அறியாமல் மூச்சை எண்ணுவதுதான் முறை. அந்தத் தந்திரம் தெரிந்தவரிடம் அது பலிக்காது. தானே எண்ணிப் பார்த்தார். அதுவரை தாறுமாறாக ஓடிய மூச்சு, கவனித்ததும் பெண் பார்க்க வந்தவர்கள் முன் நடப்பதுபோல் நடந்தது. இது அவருக்கு வேடிக்கையாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

பக்கத்துக் கட்டில் தெய்வானை, பல தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் செட்டி குடும்பத்துப் பெண். பெயர் தமிழ், பேச்சு மலாய். சிவகாமசுந்தரி மலாயிலேயே கேட்டுக்கொண்டார்: நான் மதியம் கண் அசந்ததும், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் என் மூச்சை எண்ணுங்கள்.

சிவகாமசுந்தரி கண் விழித்ததும் தெய்வானை விரல்களை விரித்தார். "தீகா புலோ அம்பாட், மிஸ்ஸி!"

"முப்பத்துநாலா?"

"இரண்டு தரம் எண்ணினேன். முதல் தரம் நம்பவில்லை" என்றார் மலாயில்.

மாலை டாக்டர் வந்தார். அட்டையைப் பார்த்தார். "இருபது. நல்லது" என்று நகரப் போனார். சிவகாமசுந்தரி எட்டி அவர் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கி, இருபதை அடித்து, முப்பத்துநான்கு எழுதி, கையெழுத்தும் போட்டார். நோயாளி அட்டையைத் தொடக்கூடாது என்பது விதி. அதை அந்த வார்டில் உரக்கச் சொல்லிவந்தவரும் அவரே.

"யார் எண்ணினது?"

"இந்த அம்மா. இருபது எழுதக் கத்துக்கொடுத்தது நான். பாக்கியத்தைத் திட்டாதீங்க."

டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்தார். அன்றைக்கே சிவகாமசுந்தரியின் நுரையீரலைச் சுற்றித் தேங்கியிருந்த நீரை ஒரு போத்தல் எடுத்தார்கள்.

நோய் அவரைச் சாந்தமாக்கிவிட்டது என்று வெளியே பேசிக்கொண்டார்கள். வேலைக்குத் திரும்பிய முதல் நாளே மூன்று பேரை அழவைத்தார். பிறகு ஒவ்வொரு நோயாளியின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணி, வந்த எண்ணை எழுதினார்.