மேல்தட்டுக்குப் போட்ட மணல்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுச் சிவப்புத் தரையைப் பார்த்தவர்கள் முதலில் செருப்பைக் கழற்றுவார்கள், பிறகுதான் ஆளைக் கூப்பிடுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்; என் படிப்பெல்லாம் அந்தத் தரையில்தான் இருந்தது. மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் எரிந்து மிஞ்சும் மெழுகுதிரித் துண்டுகளைச் சேர்த்து வைத்து, உருக்கி, டர்பன்டைன் கலந்து, பொலிஷை நானே செய்துகொள்வேன். அதைப் பூசி, பாதித் தேங்காய்ப் பொச்சுமட்டையின் மேல் ஒற்றைக் காலை வைத்துத் தேய்த்தேன் என்றால், கூரையில் ஓடும் பல்லி தரையில் தெரியும்.

அந்தத் தரைக்கு எதிரி மணல். என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கடற்கரைப் பக்கம் போய் வந்தால் வாசல் குழாயில் கால் கழுவாமல் அவர் படியேற முடியாது.

கடற்கரைப் பக்கம் அவர் ஏன் போவார் என்றால், படகுக்காகத்தான். தன் ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரை, இவருக்கு ஒரு பழைய பாய்ப்படகைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நான்கு பேர் இருந்தால் நிறைந்துவிடும். முன்பக்கமும் இரண்டு ஓரங்களும் பலகை அடித்து மூடியிருக்கும். நடுவில் உட்காரும் குழி. பலகை அடித்த பகுதிதான் மேல்தட்டு. முகத்துவாரக் கரையில் கிடந்த அந்தப் படகின் மேல்தட்டு, வெயிலில் தோல் உரிந்த முதுகு மாதிரி இருந்தது.

மாசி மாதம் எங்கள் மாதா கோவில் திருநாள். அன்றைக்குச் சுரூபத்தை ஒரு பெரிய வள்ளத்தில் ஏற்றிக் கடலில் ஒரு சுற்றுக் கொண்டுபோவார்கள். மற்றப் படகுகள் பின்னால் போகும். புறப்படுமுன் சுவாமியார் ஒவ்வொரு படகாக ஏறித் தீர்த்தம் தெளிப்பார். கல்யாணம் முடித்து வந்த நாளிலிருந்து நான் அதைக் கரையில் நின்றுதான் பார்த்தேன். அந்த வருடம் நானும் போகவேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

"பொம்பிளைக்குப் படகில என்ன வேலை?" என்று அவருடைய அக்கா, என் மச்சாள், உடனே கேட்டார்.

என் கணவர் தலையைச் சொறிந்தார். "மேல்தட்டுக்குப் பெயின்ற் அடிக்க எனக்கு லீவு இல்லை. நீர் அடிச்சு முடிச்சீரெண்டா நீரும் வாரும்" என்றார். பச்சைப் பெயின்ற் டின்னைக் கையில் தந்துவிட்டு, "பெயின்ற் ஈரமா இருக்கேக்க மணல் தூவ வேணும். மறந்துடாதேயும்" என்றும் சொன்னார்.

மணலாம்! புதுப் பெயின்ற்றில் மணலாம்! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆம்பிளைகளுக்குத் தரையைப் பற்றி என்ன தெரியும்?

ஐந்து நாள் காலையில் முகத்துவாரத்துக்கு நடந்தேன். பழைய பெயின்ற்றைச் சுரண்டினேன், தேய்த்தேன், இரண்டு பூச்சுப் பூசினேன். ஒரு மணல் துகள் விழ விடவில்லை. நன்றாகக் காய்ந்த பிறகு வீட்டிலிருந்து பொலிஷ் டப்பாவையும் பொச்சுமட்டையையும் கொண்டுபோய், மேல்தட்டை மினுக்கியும் விட்டேன். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து முகம் பார்த்துப் போனார்கள். அத்தனை மினுக்கம்.

திருநாளுக்கு நான்கு நாள் இருக்க, அவர் படகைத் தண்ணீரில் இறக்கினார். மச்சாளும் பார்க்க வந்திருந்தார். என் கணவர் ஈரக்காலோடு மேல்தட்டில் ஒரு கால் வைத்தார். மற்றக் காலை வைத்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தபோது ஆள் மறுபக்கம் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். தொப்பி மட்டும் படகில் இருந்தது.

"தம்பி, குளிச்சது காணும், எழும்பு!" என்று மச்சாள் கத்தினார். கரை முழுக்கச் சிரித்தது.

அவர் எழுந்து வந்து மேல்தட்டை விரலால் தடவினார். மோந்து பார்த்தார்.

"இஞ்சேரும், மணல் போட்டனீரோ?"

"இல்லை."

"இது என்ன வாசம்?"

"பொலிஷ்."

"பொலிஷோ! கால் வழுக்காமல் இருக்கத்தானப்பா மணல் போடச் சொன்னனான். சுவாமியார் சப்பாத்தோட ஏறுவார். அவரையும் கடலுக்குள்ள இருத்தப் பார்த்தீரோ?" சட்டையைப் பிழிந்துகொண்டே, "இனி நான் ஆள் பிடிச்சு அடிப்பிக்கிறன். நீர் கரையில நிண்டு பாரும்" என்று முடித்துவிட்டார்.

கரையில் நிற்பதா? அன்று இரவு அவருக்குச் சோறு போட்டுவிட்டு, மிஞ்சியிருந்த டர்பன்டைனை எடுத்துவைத்தேன். விடிந்து அவர் வேலைக்குப் போனதும் நான் முகத்துவாரத்துக்குப் போனேன். படகை மறுபடி கரைக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள்.

மெழுகு லேசில் போகாது. போட்ட எனக்கே தெரியும். டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, சாண்ட் பேப்பரால் தேய்த்து அந்த மினுக்கத்தைக் கொன்றேன். பெற்ற பிள்ளையின் தலையை மொட்டை அடிப்பது போலத்தான் இருந்தது. கடல் மணலை நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி வெயிலில் காயவைத்தேன். மறுநாள் பெயின்ற்றைப் பூசி, ஈரம் இருக்கும்போதே, இடியப்ப மா அரிக்கும் என் அரிதட்டில் மணலைப் போட்டு, ஒரே சீராகத் தட்டித் தட்டித் தூவினேன். என் கையால் மணல் போட்ட முதல் தரை அதுதான். அடுத்த நாள் ஒட்டாத மணலைத் தும்புத்தடியால் கூட்டி எடுத்துவிட்டு, மேலே இன்னொரு பூச்சு.

சனிக்கிழமை பின்னேரம் ஆள் பிடித்துக்கொண்டு வந்தவர், படகைப் பார்த்து அப்படியே நின்றார். குனிந்து தொட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது. ஒரு வாளித் தண்ணீரை மேல்தட்டில் ஊற்றினார். ஏறி நின்றார். நடந்தார். பிறகு குதித்தே பார்த்தார்.

"எதால தூவினீர்? கையால தூவினா இப்படி வராதே."

"அரிதட்டால."

"எந்த அரிதட்டு?"

"வீட்டில வேற எது இருக்கு? நாளைக்கு இடியப்பம் இல்லை. கடைப் பாண்தான்."

அவர் சிரித்துவிட்டார். கூட்டி வந்த ஆளுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். என்னிடம், "நாளைக்கு நீர் முன்னுக்கு இரும்" என்றார்.

திருநாளன்று சுவாமியார் எங்கள் படகில் ஏறும்போது கையைப் பிடிக்க இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அவர் யாரையும் பிடிக்காமல் முன்முனை வரைக்கும் போய்த் தீர்த்தம் தெளித்துவிட்டுத் திரும்பினார். நான் கரைப் பக்கம் பார்த்தேன். மச்சாள் குடையோடு நின்றார்.

"மச்சாள், வாங்கோவன். இடம் இருக்கு."

"எனக்கென்ன விசர் பிடிச்சிருக்கோ?" என்றவர், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். மேல்தட்டில் பாதத்தை இரண்டு தரம் தேய்த்துப் பார்த்தார். "பிள்ளை, உன்ர வீட்டிலயும் இப்படி ஒண்டைப் போட்டிருக்கலாம். அங்க ஒவ்வொரு முறையும் நான் சுவரைப் பிடிச்செல்லே நடக்கிறன்."

இத்தனை வருடம் அவர் அதைச் சொல்லவே இல்லை! மச்சாள் குழிக்குள் இறங்கியதும் பாய் காற்றை வாங்கியது. படகு சாய்ந்தது. நான் முன்னுக்கு, ஒன்றையும் பிடிக்காமல் இருந்தேன்.